சிங்திங் மதிப்புரை: ஏற்காட்டுத் தோட்டத்துக்கும் சேலம் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு கோப்புறை

சிங்திங் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளில் உள்ள ஒரு கோப்புறையை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும் இலவசத் திறந்தமூல மென்பொருள். ஏற்காட்டில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்துக்கும், சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் அதன் கணக்கு அலுவலகத்துக்கும் கணினிப் பராமரிப்புச் செய்பவன் என்ற முறையில், அங்கு வி.பி.என். (இணையத்தின் மேல் இரு அலுவலகங்களை இணைக்கும் தனிப்பட்ட பாதை) வழியாக இயங்கிவந்த பகிர்வு டிரைவை நீக்கிவிட்டு இதனை நிறுவி, ஒரு பழப்பறிப்புப் பருவம் முழுவதும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒருவர் எழுத மற்றவர் படிக்கும் வகையைச் சேர்ந்த கோப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் கை வைக்கும் அலுவலகத்துக்கு இதனைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், பகிர்வு டிரைவை ஏன் கைவிட நேர்ந்தது என்பதைச் சொல்லாமல் இந்த மென்பொருளின் அருமையைச் சொல்ல இயலாது. காரணம், அந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதில்தான் பலரும் தவறான இடத்தைக் கைகாட்டுகிறார்கள்.

பழைய ஏற்பாடு பல சிறு நிறுவனங்களில் இருப்பதுதான். சேலத்தில் இரண்டு வட்டுகள் கொண்ட ஒரு நாஸ் பெட்டி, அதாவது வலையமைப்பில் இணைந்த கோப்புச் சேமிப்புப் பெட்டி. மலையில் உள்ள கணினியில் அது இசட் டிரைவாகத் தெரியும். நடுவில் வயர்கார்ட் என்ற வி.பி.என். சுரங்கம். தோட்டத்து ரைட்டர் (எழுத்தர்) செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), பழ எடை, உரக் கணக்கு ஆகிய எக்செல் கோப்புகளையும், ஸ்கேன் செய்த வவுச்சர்களையும், ஒவ்வொரு காட்டிலும் எடுத்த செடிகளின் படங்களையும் அதில் சேர்ப்பார். கணக்கு அலுவலகம் அவற்றை எடுத்துக் கூலியும் வரியும் கணக்கிடும். இதில் விசித்திரம் என்னவென்றால், ஒரு பெரிய வீடியோ கோப்பை நகலெடுத்தால் அது ஓரளவு சுமாரான வேகத்தில் போய்ச் சேரும். அதே அளவுக்கு ஆயிரம் சிறு படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தாலோ, பச்சைப் பட்டை மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். எக்செலில் சேமிப்பதற்கான பொத்தானை அழுத்தினால் திரை வெளுத்துப்போய் நிற்கும். "ஃபைல் தொறக்குதுங்க சார், ஆனா நாம அதுக்குள்ள களத்துக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்று ரைட்டர் சொன்னது மிகைப்படுத்தல் அன்று.

இத்தகைய நிலையில் எல்லோரும் முதலில் செய்வது இணையத் திட்டத்தை உயர்த்துவது. வேகச் சோதனைத் தளத்தில் பார்த்தால் விலைக்கு வாங்கிய மெகாபிட் முழுதும் காட்டும். இசட் டிரைவோ ஓர் அங்குலமும் நகராது. இங்கே பிரித்தறிய வேண்டியவை இரண்டு: ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு போகும் என்பது ஒன்று, கேட்ட கேள்விக்குப் பதில் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மற்றொன்று. 64 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏற்காட்டில் பேருந்து ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஒன்றரை மணி நேரத்தில் சேலம் அலுவலகத்தை அடைவதாகக் கொண்டால், அந்தப் பேருந்து நொடிக்கு ஏறத்தாழ 95 மெகாபிட் வேகத்தில் தரவைக் கடத்துகிறது என்று அர்த்தம். எந்த இணையத் திட்டத்துக்கும் அது இளைத்ததன்று. ஆனால் "இந்தக் கோப்பு அங்கே இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெற அதே பேருந்தில் மூன்று மணி நேரம் ஆகும். வேகச் சோதனைத் தளம் பெரிதாக எழுதிக் காட்டுவது முதல் அளவை. இசட் டிரைவில் வேலை செய்பவரைக் காக்க வைப்பது இரண்டாவது அளவு.

பகிர்வு டிரைவுகளில் பேசப்படும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அது ஓயாமல் கேள்வி கேட்கும் இயல்புடையது. ஒரு சிறு கோப்பைப் படிக்க வேண்டுமென்றால், அதைத் திற என்று ஒரு கோரிக்கை, அதன் அளவும் தேதியும் என்ன என்று இன்னொன்று, யாருக்கு உரிமை என்று மற்றொன்று, பிறகு படி, பிறகு மூடு என ஒவ்வொன்றாகப் போகும். பெரும்பாலும் முந்தைய கேள்விக்கு விடை வந்த பிறகே அடுத்தது புறப்படும். ஒரு கோப்புக்கு ஆறு முறை போய்வருவதாக வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் கேபிள் வழியே ஒரு முறை போய்வர அரை மில்லி விநாடி என்றால், ஆயிரம் கோப்புகளுக்கு 3 விநாடி. மலையிலிருந்து ஒரு முறை போய்வர 80 மில்லி விநாடி என்றால், அதே வேலைக்கு 480 விநாடி, அதாவது எட்டு நிமிடம். இந்தக் கணக்கில் மெகாபிட் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திட்டத்தை இரு மடங்காக்கினாலும் எட்டு நிமிடம் எட்டு நிமிடமாகவேதான் இருக்கும்.

இதற்கு மேல், கோப்புறையைத் திறந்தவுடன் விண்டோஸ் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு படத்துக்கும் சிறு உருவம் தயாரிக்க முயன்று, பயனர் தொடாத கோப்புகளையும் தானே திறந்து படிக்கிறது. ஒருமுறை பார்த்த கோப்புறையின் பட்டியலை விண்டோஸ் தன் நினைவில் வைத்திருந்தாலும், அதன் ஆயுள் இயல்புநிலையில் 10 விநாடிதான். பக்கத்துக் கோப்புறைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து விசாரணை தொடங்கும். எக்செல் சேமிக்கும் விதமும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. அது பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, பழையதை விலக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டி, விலக்கியதை அழிக்கிறது. மின்சாரம் நின்றாலும் கோப்பு கெடாமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் ஒவ்வொரு படியும் மலையிறங்கி மலையேற வேண்டியிருக்கிறது.

நேர்க்கோட்டில் அவ்வளவு அருகில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே 80 மில்லி விநாடி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமே. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் சேலத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். சாலை வழியிலான 30 கிலோமீட்டருக்கும் நேரடியாக ஓர் இழை இருந்திருந்தால், போய்வர 0.3 மில்லி விநாடி போதும். ஆனால் மலையில் ஒரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பும் கீழே வேறொரு நிறுவனத்தின் இழை இணைப்பும் இருக்கும்போது, தரவு இரண்டும் சந்திக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் சேலத்துக்குத் திரும்பும். சென்னையைச் சுற்றி வந்தாலும் இழையில் செலவாகும் நேரம் பத்து மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் கோபுரத்தோடு அலைபேசி மோடம் தன் முறைக்காகக் காத்திருப்பதும், வழியிலுள்ள ரூட்டர்களில் வரிசை நிற்பதும்தான். அதிலும், மலையிலிருந்து யாராவது படங்களை மொத்தமாக மேலேற்றத் தொடங்கினால், மோடமின் வரிசை நிரம்பி, அதுவரை 80 ஆக இருந்த பிங் (ஒரு முறை போய்வரும் நேரம்) பல நூறு மில்லி விநாடிக்குத் தாவுவதைக் காணலாம். பகிர்வு டிரைவு காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பெரிய கோப்புகளும் முழுமையாகத் தப்புவதில்லை. பழைய எஸ்.எம்.பி. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 64 கே.பி. அளவுக்கே தரவைக் கேட்கும். 80 மில்லி விநாடிக்கு ஒருமுறை 64 கே.பி. என்றால் நொடிக்கு ஆறரை மெகாபிட்தான் ஆகிறது. நூறு மெகாபிட் இணைப்பில் மீதித் தொண்ணூற்றுச் சொச்சமும் சும்மா கிடக்கும். வழியில் பொட்டலங்கள் (தரவு பிரித்தனுப்பப்படும் சிறு துண்டுகள்) தொலைந்தால் நிலைமை இன்னும் மோசம். தொலைந்த பொட்டலத்தை மறுபடி அனுப்பும் போக்குவரத்து முறையான டி.சி.பி.யின் இணைப்பு வேகத்துக்கும் பொட்டல இழப்புக்கும் உள்ள உறவை மேத்திஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-இல் ஒரு சூத்திரமாக வகுத்தனர். அதன்படி, 80 மில்லி விநாடித் தாமதத்தில் நூற்றுக்கு ஒரு பொட்டலம் தொலைந்தால், ஓர் இணைப்பில் கிடைப்பது ஏறத்தாழ 1.8 மெகாபிட். இன்றைய கணினிகளில் உள்ள நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் அதைவிடச் சற்று மேம்பட்டவைதான். இருந்தாலும், ரேடியோ இணைப்பை நம்பியிருக்கும் மலைப்பகுதியில் ஒரு விழுக்காடு இழப்பு என்பது நடக்காத காரியம் ஒன்றுமில்லை.

எஸ்.எம்.பி.யை இதற்காகப் பழிப்பது சரியாகாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் அதை உருவாக்கியபோது, ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளே அவர் மனத்தில் இருந்தவை. பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட் அதைச் செப்பனிட்டிருக்கிறது. 2006-இல் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கும் மேல் இருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்தது. பல கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பவும், விடைக்குக் காத்திராமல் அடுத்தடுத்துக் கேட்கவும் வழி செய்தது. விண்டோஸ் 7-இல் ஒரு தடவைக்கு 1 எம்.பி. வரை கேட்க முடிந்தது. பெரிய வீடியோ கோப்பு சுமாராகப் போனதற்கு இந்தச் செப்பனிடல்களே காரணம். சிறு கோப்புகளின் கதை மட்டும் மாறவில்லை. குயிக் என்ற புதிய போக்குவரத்து முறையின் மேல் எஸ்.எம்.பி.யை ஓட்டும் வசதி இப்போது விண்டோஸ் சர்வர் 2025-இல் கிடைக்கிறது, அது வி.பி.என். இல்லாமலேயே பாதுகாப்பாக இணைக்க உதவுமே தவிர, கேள்விகளின் எண்ணிக்கையை அது குறைப்பதில்லை. பகிர்வு டிரைவின் கோப்புகளுக்கு உள்ளூரில் நகல் வைத்துக்கொள்ளும் விண்டோஸின் ஆஃப்லைன் ஃபைல்ஸ் வசதியில், இணைப்பை எப்போது மெதுவானது என்று கருத வேண்டும் என்பதற்கான இயல்பு வரம்பு விண்டோஸ் 7-இல் 80 மில்லி விநாடியாக இருந்து, பிந்தைய பதிப்புகளில் 35 ஆகக் குறைக்கப்பட்டது. பகிர்வு டிரைவு எத்தனை தொலைவுக்குத் தாங்கும் என்பது குறித்து அதை உருவாக்கியவர்களுக்கே இருக்கும் மதிப்பீடு அது.

எப்படியும் பகிர்வு டிரைவோடுதான் வாழ வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவர்களுக்குச் சில நிவாரணங்கள் உண்டு. சிறு உருவங்களைக் காட்டுவதை நிறுத்திவிட்டு விவரப் பட்டியலாகப் பார்ப்பது, இழுத்துப் போட்டு நகலெடுக்காமல், விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற நகலெடுப்புக் கருவியின், ஒரே நேரத்தில் பல கோப்புகளை அனுப்பும் பல்லிழை வசதியைப் பயன்படுத்துவது, ஆயிரம் படங்களை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவது, வி.பி.என். சுரங்கம் டி.சி.பி.யில் ஓடினால் அதை, தொலைந்ததைத் தானே மறுபடி அனுப்பாத யு.டி.பி. முறைக்கு மாற்றுவது. டி.சி.பி.க்குள் இன்னொரு டி.சி.பி. ஓடும்போது, தொலைந்த பொட்டலம் ஒன்றை இரண்டு அடுக்குகளும் தனித்தனியே மறுபடி அனுப்ப முயன்று ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். வி.பி.என். தொல்லை பொறுக்காமல் எஸ்.எம்.பி.க்கான 445 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்கும் வழக்கத்தை மட்டும் யாரும் மேற்கொள்ளக் கூடாது. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

இப்போது சிங்திங்குக்கு வருவோம். அது இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. சிக்கல் எழும் இடத்தையே அகற்றிவிடுகிறது. மலையிலும் ஒரு முழு நகல், சேலத்திலும் ஒரு முழு நகல். ரைட்டர் கோப்பைத் திறப்பதும் சேமிப்பதும் தன் கணினியின் வட்டில் நடப்பதால், எண்பது மில்லி விநாடி அவர் பக்கமே வருவதில்லை. மாற்றம் நிகழ்ந்ததைக் கவனித்து, இயல்புநிலையில் பத்து விநாடி பொறுத்திருந்து, பின்னணியில் அது மறுமுனைக்குச் சொல்லும். கோப்பை 128 கே.பி. முதல் 16 எம்.பி. வரையிலான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல்ரேகை கணக்கிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் மறுமுனை கேட்டுப் பெறுகிறது. அந்தக் கேட்பதும் ஒன்று முடிந்து ஒன்று அன்று. பல துண்டுகளுக்கான கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வழியில் இருக்கும். எனவே தாமதம் மிகுந்த இணைப்பிலும் அதன் அகலம் வீணாவது வெகுவாகக் குறைகிறது. மறுமுனையில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்ற பட்டியலும் உள்ளூர்த் தரவுத்தளத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு கோப்பாக விசாரிக்கும் வேலையே இல்லை.

மாறியதை மட்டும் அனுப்புவது என்ற எண்ணம் புதிதன்று. பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் எஸ்.எம்.பி. பேசும் சாம்பா மென்பொருளை 1992-இல் வெளியிட்ட ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல்தான், மெதுவான இணைப்புகளில் வேறுபாட்டை மட்டும் கடத்தும் ஆர்சிங்க் கருவியையும் பால் மெக்கராஸுடன் சேர்ந்து 1996-இல் உருவாக்கினார். பகிர்வு டிரைவை லினக்ஸ் உலகுக்குக் கொண்டுவந்தவரே அது எட்டாத தொலைவுக்கு வேறு கருவி வேண்டும் என்று கண்டுகொண்டார் என நான் எடுத்துக்கொள்கிறேன். சிங்திங்கின் உள்ளமைப்பு ஆர்சிங்க்கினுடையது அன்று. 2013-இன் இறுதியில் யாகோப் போர்க் தொடங்கிய தனித்திட்டம் அது. வேறுபாட்டை மட்டும் அனுப்பும் வசதி எல்லாக் கோப்புக்கும் ஒரே அளவு பயன் தருவதுமில்லை. இன்றைய எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் தொகுப்பு என்பதால், ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினாலும் கோப்பின் பெரும்பகுதி மாறிவிடக்கூடும். சில நூறு கே.பி. அளவுள்ள செக்ரோலுக்கு அது ஒரு பொருட்டில்லை.

நிறுவுவது கடினமன்று, ஆனால் புதியவருக்குப் பழக்கமில்லாத முறையில் இருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து எங்கோ ஒரு சேவையகத்தில் நுழைவதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீளமான அடையாள எண் உருவாகும். ஒன்றின் எண்ணை மற்றொன்றில் சேர்த்து, இரு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு. பயன்பாட்டுத் திரை உலாவியில் திறக்கிறது. அது ஆங்கிலத்தில் கலைச்சொற்கள் நிறைந்ததாக இருப்பதால், அலுவலகப் பணியாளர்களிடம் அதை ஒப்படைக்காமல் நானே அமைத்துக்கொடுத்தேன். அன்றாட வேலையில் அவர்கள் அதைப் பார்க்க வேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

அமைக்கும்போது கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முதலாவது, பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைப்பது. மலையின் இணைப்பு எவ்வளவு மேலேற்றுமோ அதற்குச் சற்றுக் குறைவாக வரம்பு வைத்துவிட்டால், மோடமின் வரிசை நிரம்பாது; படங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் அழைப்பும் தடையில்லாமல் நடக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் தோட்ட அலுவலகத்தில் அதிகப் பாராட்டுக் கிடைத்தது. அடுத்தது, எக்செல் ஒரு கோப்பைத் திறந்திருக்கும்போது அருகில் உருவாக்கும் மறைவான தற்காலிகக் கோப்புகளைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்ப்பது. இல்லையென்றால் அவையும் மலைக்கும் நகரத்துக்கும் வீணாக அலையும். கோப்புறையின் வகையைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். வவுச்சர்களையும் படங்களையும் பொறுத்தவரை ஏற்காட்டை அனுப்பும் முனையாகவும் சேலத்தைப் பெறும் முனையாகவும் மட்டும் வைத்தால், கீழே யாராவது தவறுதலாக ஒன்றை அழித்தாலும் மலையிலுள்ள மூலத்துக்குச் சேதமில்லை.

மின்வெட்டையும் காற்று மழையில் அறுந்துபோகும் இணைப்பையும் இது எதிர்கொள்ளும் விதம், மலைவாசிகளுக்கு மற்ற எல்லாச் சிறப்புகளையும்விட முக்கியமானதாகப் படும். பகிர்வு டிரைவில் சேமிக்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், எக்செல் பிழைச்செய்தி காட்டும். சில சமயம் கோப்பு பாதியில் நிற்கும். இங்கோ வேலை உள்ளூரில் முடிந்துவிடுகிறது. இணைப்பு மாலை வரை வராவிட்டாலும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து துண்டுகள் போகத் தொடங்கும். முழுமையாக வந்து சேராத கோப்பு தற்காலிகப் பெயரிலேயே இருக்கும்; எல்லாத் துண்டுகளும் சரிபார்க்கப்பட்ட பிறகே சரியான பெயரைப் பெறும். எனவே சேலத்தில் யாரும் அரைகுறைக் கோப்பைத் திறந்து குழம்புவதில்லை. ஆனால், மேலே இணைப்பு இல்லாத வேளையில் கீழே தெரிவது பழைய செக்ரோல்தான். அதைக் கணக்கர் அறிந்திருக்க வேண்டும். கூலி போடும் சனிக்கிழமைகளில், கோப்பின் தேதியைப் பார்த்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும் என்று வழக்கப்படுத்தியிருக்கிறோம்.

இதன் பெரிய குறைக்கு வருகிறேன். கோப்பைப் பூட்டும் வசதி இதில் இல்லை. பகிர்வு டிரைவில் ஒருவர் திறந்திருக்கும் எக்செல் கோப்பை மற்றவர் திறந்தால், இன்னார் பயன்படுத்துகிறார் என்று எச்சரிக்கும். சிங்திங்கில் இருவரும் தத்தம் நகலைத் திறந்து தாராளமாக எழுதலாம். இரண்டும் சந்திக்கும்போது, முந்தைய நேரத்தில் திருத்தப்பட்டதைத் தேதியும் நேரமும் சேர்த்த முரண்பாட்டுக் கோப்பாகப் பெயர் மாற்றி அருகிலேயே வைத்துவிடும். எதுவும் அழிவதில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஓர் ஆள் உட்கார வேண்டும். இதனைத் தவிர்க்க, செக்ரோலை ரைட்டர் மட்டும் எழுதுவார், கணக்கர் தம் திருத்தங்களைத் தனிக் கோப்பில் குறிப்பார் என்று வேலையைப் பிரித்தோம். மென்பொருளுக்காக மனிதர்கள் வேலைமுறையை மாற்றிக்கொள்வது எனக்கு உவப்பானதன்று என்றாலும், யார் எதற்குப் பொறுப்பு என்ற தெளிவு இதனால் கிடைத்தது என்று தோட்டத்து மேலாளர் கருதுகிறார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒத்திசைவு என்பது காப்பு நகல் ஆகாது. ஒரு முனையில் அழித்தால் மறுமுனையிலும் அது அழியும். ஒரு முனையில் தீநிரல் கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய வடிவமே மறுமுனைக்கும் போகும். பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது; சேலம் முனையில் அதை இயக்கியிருக்கிறோம். அதற்கு மேல், நாஸ் பெட்டி தன் பங்குக்குத் தனியே ஒரு வெளி வட்டில் காப்பு நகல் எடுக்கிறது.

கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையையும், ஆக்சஸ் தரவுத்தளங்களையும், அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பையும் சிங்திங்கில் போடவே கூடாது. அவை திறந்திருக்கும்போதே இடைவிடாமல் மாறிக்கொண்டிருப்பவை. ஒரு பகுதி பழையதும் ஒரு பகுதி புதியதுமாக நகலாகிவிட்டால் தரவுத்தளம் கெடும். தாமதமான இணைப்பில் பகிர்வு டிரைவு வழியாக அவற்றைத் திறப்பதும் அதே அளவு ஆபத்து. அதற்குச் சரியான வழி ரிமோட் டெஸ்க்டாப். மென்பொருளும் தரவும் சேலத்திலேயே இருக்க, திரையின் படமும் விசை அழுத்தங்களும் மட்டும் மலைக்கு வந்துபோகும். 80 மில்லி விநாடியில் எழுத்து சற்றுப் பின்தங்கித் தெரியும் என்பது உண்மை; ஆயினும் ஆயிரம் கேள்விகளுக்கான தாமதம் ஒரு விசைக்கான தாமதமாகச் சுருங்கிவிடுகிறது. அணுகப்படும் கணினியில் விண்டோஸின் புரோ பதிப்பு இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும்.

இணைப்பு நேரடியாக அமைகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மொபைல் இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து அவர்களை நேரடியாக அடைய முடிவதில்லை. அத்தகைய நிலையில் சிங்திங், தன்னார்வலர்கள் நடத்தும் இடைநிலை ரிலே வழியாகத் தரவை அனுப்பும். உள்ளடக்கம் குறியாக்கப்பட்டிருப்பதால் ரிலே நடத்துபவரால் அதைப் படிக்க இயலாது. வேகம் மட்டும் வெகுவாகக் குறையும். பயன்பாட்டுத் திரையில் இணைப்பின் வகை ரிலே என்று காட்டினால், சேலம் பக்கத்து ரூட்டரில் 22000 என்ற போர்ட்டைத் திறந்துவிடுவதோ, இரு முனைகளிலும் ஐ.பி.வி.6 (ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி தரக்கூடிய புதிய இணைய முகவரி முறை) இருந்தால் அதை இயக்குவதோ போதுமானது. ஒரு பக்கம் திறந்திருந்தாலே நேரடி இணைப்பு அமைந்துவிடும். ஏற்கெனவே இருந்த வயர்கார்ட் சுரங்கத்தை நாங்கள் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

கைப்பேசியில் இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது; அதிலிருந்து கிளைத்த வேறொரு செயலி தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. காட்டுக்குள் கைப்பேசியில் எடுக்கும் படங்கள் அலுவலகத்து வை-ஃபையை எட்டியதும் தானாக இறங்கும்படி அதில் அமைக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பு உள்தரவுத்தளத்தையே மாற்றியமைத்தது. கோப்புகள் மிகுதியாக உள்ள பழைய கணினிகளில் முதல் தொடக்கத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதால், கூலி நாளில் புதுப்பிக்காமல் ஓய்வான நாளில் செய்வது நல்லது.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒன்றுமில்லை. மலையிலுள்ள கணினியில் முழு நகலுக்கும் இடம் வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு வட்டு வாங்க வேண்டியிருந்தது. இடம் மிகக் குறைவாக உள்ள மடிக்கணினிகளுக்கு இது ஒத்துவராது. தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ளும் வசதி சிங்திங்கில் இல்லை. அத்தகைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் செலுத்தும் மேகச் சேமிப்புச் சேவைகளே ஏற்றவை. ஒரே விரிதாளை இருவர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டியவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த படங்களோடு தொடங்குபவர்கள், முதல் நகலை மொபைல் இணைப்பில் அனுப்ப வேண்டாம். நகலெடுத்த வட்டைப் பேருந்தில் மேலே கொண்டுபோய் இரு முனைகளிலும் அதே கோப்புறையைக் காட்டிவிட்டால், சிங்திங் விரல்ரேகைகளை ஒப்பிட்டு, இடையில் மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்.